ஜெயித்தது எந்த ஆசியக் கோப்பை, தோற்றது எந்த ஆசியக் கோப்பை?

2025 செப்டம்பர் 28 அன்று துபாயில் பாகிஸ்தானைத் தோற்கடித்து இந்தியா ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த 16-வது நாள், அக்டோபர் 14 அன்று, கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்தது. இரண்டு செய்தியும் உண்மை. விளையாட்டுப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கிற யாரும், அது வேலூர் கிரீன் சர்க்கிள் டீக்கடையானாலும் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரமானாலும், "போன மாசம்தானே கப் அடிச்சோம், இப்ப எப்படி வெளியே போனோம்?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

முதலாவது கிரிக்கெட். இரண்டாவது கால்பந்து. குழப்பம் அதோடு தீர்ந்துவிடுவதில்லை. 24 நாடுகள் ஆடும் தொடரில் இந்தியாவுக்கு ஏன் இடமில்லை, 1964-ல் ஆசியாவில் இரண்டாவது இடம் பிடித்த அணிதானே இது, இன்னும் இரண்டு ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே வெளியேறிவிட்டோம் என்று எப்படிச் சொன்னார்கள் என்று கேள்விகள் நீள்கின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பெயரில் எத்தனை போட்டிகள்

தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஆசிய' என்று தொடங்கும் விளையாட்டுச் செய்தியைப் பார்த்தால், அது கீழே உள்ளவற்றில் எது என்று முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

1. கிரிக்கெட் ஆசியக் கோப்பை. ஆசிய கிரிக்கெட் கவுன்சில் நடத்துவது. 2025-ல் 8 அணிகள் ஆடின.

2. கால்பந்து ஆசியக் கோப்பை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதாவது ஏஎஃப்சி நடத்துவது. நாடுகளின் முதன்மை அணிகள் மோதுவது, 4 ஆண்டுக்கு ஒருமுறை. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

3. ஆசிய விளையாட்டுப் போட்டியில் நடக்கும் கால்பந்து. 1951-ல் டெல்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் இந்தியா தங்கம் வாங்கியது இதில்தான். 2002 முதல் இது 23 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. வயது கூடியவர்கள் 3 பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே இன்று இதில் என்ன நடந்தாலும் அதை முதன்மை அணியின் கணக்கில் எழுத முடியாது.

4. ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் வகையறா. இவை கிளப் அணிகளுக்கானவை. நாட்டு அணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இவை தவிர, பெண்களுக்கான ஆசியக் கோப்பை தனியாக உண்டு. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026-ல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் பெண்கள் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணி தகுதி பெற்றது. இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். ஆண்கள் அணி தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டில் நடந்தது இது. நம் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்பது என் கருத்து.

ஆசியா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஏஎஃப்சி 1954 மே 8 அன்று மணிலாவில் தொடங்கப்பட்டது. தொடக்க உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது. இன்று 47 உறுப்பினர்கள்.

கால்பந்தின் ஆசியாவும் பள்ளிக்கூட வரைபடத்தின் ஆசியாவும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா 2006-ல் ஏஎஃப்சியில் சேர்ந்தது. 2015-ல் கோப்பையையும் வென்றது. இஸ்ரேல் தொடக்க காலத்தில் உள்ளே இருந்தது, 1974-ல் வெளியேற்றப்பட்டது, பிறகு ஐரோப்பாவுடன் சேர்ந்துகொண்டது. கஜகஸ்தான் 2002-ல் தானாகவே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

இந்தியாவின் கதையைப் புரிந்துகொள்ள இன்னொரு மாற்றம் முக்கியமானது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகியவை தனித்தனி அணிகளாக உள்ளே வந்தன. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. முன்பு மாநிலப் போட்டிக்கு ஒரு மாவட்ட அணி போன இடத்தில் இன்று நான்கு போகலாம். அதே மாதிரிதான் அங்கேயும். ஒரே ஒரு வித்தியாசம், மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். ஏஎஃப்சியில் சேர்ந்த 1994-லேயே ஆசிய விளையாட்டுப் போட்டியில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கிவிட்டது. 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

4 அணிகளிலிருந்து 24 அணிகள்

முதல் ஆசியக் கோப்பை 1956-ல் ஹாங்காங்கில் நடந்தது. ஆடியவை 4 அணிகள்தான். தென் கொரியா வென்றது. 1960-லும் அதுவே வென்றது, அதற்குப் பிறகு இன்றுவரை வெல்லவில்லை. 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன நாடு இது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

1980-ல் 10 அணிகள், 1996-ல் 12, 2004-ல் 16, 2019-ல் 24 என்று தொடர் வளர்ந்தது. இதுவரை நடந்த 18 தொடர்களில் ஜப்பான் 4 முறையும், சவுதி அரேபியாவும் ஈரானும் தலா 3 முறையும், தென் கொரியாவும் கத்தாரும் தலா 2 முறையும் வென்றிருக்கின்றன. இஸ்ரேல், குவைத், இராக், ஆஸ்திரேலியா தலா ஒருமுறை. இதில் இராக் 2007-ல் வென்றது தனிக்கதை. நாட்டுக்குள் போர், சொந்த மண்ணில் ஆட முடியாத நிலை, அப்படி வந்த அணி இறுதிப் போட்டியில் சவுதியை 1-0 என்று தோற்கடித்தது. கோலடித்தவர் கேப்டன் யூனிஸ் மஹ்மூத்.

கடைசியாக வென்றது கத்தார். அந்தத் தொடரின் பெயர் 2023 ஆசியக் கோப்பை. நடந்ததோ 2024 ஜனவரி, பிப்ரவரியில். கோவிட் காரணமாகச் சீனா 2022-ல் நடத்தும் பொறுப்பிலிருந்து விலகியதால் கத்தாருக்கு மாறியது, தேதியும் தள்ளிப்போனது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இறுதிப் போட்டியில் ஜோர்டானை 3-1 என்று வீழ்த்தினார்கள். மூன்று கோலும் பெனால்டி, மூன்றையும் அடித்தவர் அக்ரம் அஃபிஃப்.

ஆசியக் கோப்பையை வென்றால் உலகக் கோப்பைக்கு நேரே போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. போக முடியாது. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று வேறு. ஆனால் அதன் முதல் பாதியும் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அதைக் கீழே பார்க்கலாம்.

1964: அந்த இரண்டாம் இடம்

"அறுபதுகளில் ஆசியாவிலேயே இரண்டாவது அணி நாம்" என்ற வாக்கியம் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கிளம்பி வரும். பொய்யில்லை. 1964-ல் இஸ்ரேலில் நடந்த தொடரில் இந்தியா தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்றது. இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றது. இந்தர் சிங் 2 கோல் அடித்தார்.

ஆனால் அந்தத் தொடரில் மொத்தமே 4 அணிகள். இஸ்ரேலில் ஆட மாட்டோம் என்று பல நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியா தகுதிச் சுற்றில் ஆடாமலேயே உள்ளே போனது. எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆடும் லீக் முறை என்பதால் இறுதிப் போட்டி என்று ஒன்று நடக்கவும் இல்லை. நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. (கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார், ஆற்றைப் பற்றி ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு பதில் சொல்கிறது.) அந்தக் கணக்கில் 1964-ஐத் தகுதிச் சுற்று இல்லாத தகுதி, இறுதிப் போட்டி இல்லாத இரண்டாம் இடம் என்று சொல்லலாம்.

அதற்காக அந்த அணியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1962-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய தலைமுறை அது. அப்போதும் இறுதிப் போட்டியில் தென் கொரியாவைத்தான் 2-1 என்று வென்றது. நான் சொல்ல வருவது, 1964-ஐ அளவுகோலாக வைத்து இன்றைய அணியை அளந்தால் கணக்கு தப்பாகும் என்பதுதான்.

அதன் பிறகு இந்தியா இறுதிச் சுற்றில், அதாவது முதன்மைத் தொடரில், ஆடியது 4 முறை. 1984-ல் ஒரு கோல்கூட அடிக்கவில்லை; ஈரானுடன் 0-0 டிரா செய்ததுதான் ஆறுதல். 2011-ல் 3 கோல் அடித்து 13 வாங்கியது. அந்த முறை உள்ளே போனது ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை என்ற துணைத் தொடரை 2008-ல் வென்றதால். 2019-ல் ஒரு வெற்றி. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி, கோல் பூஜ்ஜியம்.

உள்ளே போக இரண்டு கதவுகள்

2027 ஆசியக் கோப்பை சவுதி அரேபியாவில், ஜனவரி 7 முதல் பிப்ரவரி 5 வரை. இதை நடத்த இந்தியாவும் முதலில் விண்ணப்பித்திருந்தது. 2022 டிசம்பரில் விலகிக்கொண்டது. நடத்தும் நாட்டுக்கு இறுதிச் சுற்றில் நேரடி இடம் உண்டு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இரண்டு கதவுகள் இருந்தன.

முதல் கதவு: உலகக் கோப்பைத் தகுதியின் இரண்டாம் சுற்று. 36 அணிகள், நான்கு நான்காக 9 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் 18 அணிகளுக்கு ஆசியக் கோப்பை உறுதி. இந்தியாவின் பிரிவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். கத்தார் முதலிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி. 2023 நவம்பரில் குவைத்தை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்று இந்தியா நன்றாகவே தொடங்கியது. அப்புறம் ஆப்கானிஸ்தானுடன் 0-0. பிறகு 2024 மார்ச் 26, குவாஹாட்டி. இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேச ஆட்டம், அவரே கோலடித்து 1-0 முன்னிலை. கடைசி 20 நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி 1-2 தோல்வி.

இந்த ஒரு ஆட்டத்தின் விலை என்ன? பிரிவின் முடிவில் குவைத் 7 புள்ளி, இந்தியா 5. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. குவாஹாட்டி முன்னிலையைக் காப்பாற்றியிருந்தால், மற்ற ஆட்டங்களெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தாலும், இந்தியா 8 புள்ளியோடு இரண்டாம் இடம் பிடித்திருக்கும். கத்தாரிடம் வாங்கிய கடைசித் தோல்வியில் கோட்டைத் தாண்டிப் போன பந்தை இழுத்து அடித்த கோல் பற்றி அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் கதவைச் சாத்தியது குவாஹாட்டி என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாம் கதவு: முதல் கதவில் நுழையாத அணிகளில் 24 எடுத்து, 6 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் இடம். மொத்தம் 6 இடங்கள். பள்ளி விளையாட்டில் குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை நேதாஜி மைதானத்துக்குக் கூட்டிப்போன உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதன் கொடுமை தெரியும். குறுவட்டத்தில் ஜெயித்தவன் மட்டும் மாவட்டத்துக்கு. இரண்டாவது வந்தவன் வீட்டுக்கு.

இதனால் ஒரு டிராவின் மதிப்பே மாறிவிடுகிறது. முதல் கதவில் பலமான அணியுடன் டிரா செய்தால் லாபம். இரண்டாம் கதவில் பலவீனமான அணியுடன் டிரா செய்தால் அது பாதித் தோல்வி.

தரவரிசையில் மேலே, பட்டியலில் கீழே

இரண்டாம் கதவுக்கான குலுக்கல் 2024 டிசம்பரில் நடந்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசைப்படி அணிகளை நான்கு பானைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு அணியை எடுத்துப் பிரிவு அமைப்பார்கள். இந்தியா முதல் பானையில் இருந்தது. கூட வந்தவை ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம். இந்தியாவுக்கு அப்போது 127-வது இடம், வங்கதேசத்துக்கு 185. காகிதத்தில் பார்த்தால் இது எளிய பிரிவு.

நடந்தது வேறு.

2025 மார்ச் 25, ஷில்லாங்: வங்கதேசத்துடன் 0-0. ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை இதற்காகவே திரும்ப அழைத்திருந்தார்கள்.

ஜூன் 10: ஹாங்காங்கில், கூடுதல் நேரத்துப் பெனால்டியில் 0-1. ஹாங்காங்கின் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், பெங்களூரு எஃப்சிக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். நம் வீரர்களை அவருக்கு நன்றாகவே தெரியும்.

அக்டோபர் 9: சிங்கப்பூரில் 10 பேரோடு ஆடி, ரஹீம் அலி 90-வது நிமிடத்தில் அடித்த கோலால் 1-1.

அக்டோபர் 14: கோவாவில், இந்தியாவின் சாங்தே முதல் கோலை அடித்தும், 1-2.

நடுவில் பயிற்சியாளர் மாறினார்; மனோலோ மார்க்கெஸ் போய் காலித் ஜமீல் வந்தார். ஜூலையில் நாட்டின் முதன்மைக் கிளப் லீக்கான ஐஎஸ்எல் தொடரை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. 2025 டிசம்பரில் முடியும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் இழுபறி. லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாத நிலையில்தான் வீரர்கள் அக்டோபர் ஆட்டங்களுக்கு வந்தார்கள். இருந்தும் செப்டம்பரில் மத்திய ஆசியத் தொடர் ஒன்றில் ஓமனைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார்கள். அதனால் லீக் பிரச்சினைதான் முழுக் காரணம் என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இரண்டு ஆட்டம் பாக்கி இருக்க, எப்படி வெளியே?

பலரைக் குழப்பியது இதுதான். அக்டோபர் 14 இரவு நிலவரம்: சிங்கப்பூர் 8, ஹாங்காங் 8, இந்தியா 2, வங்கதேசம் 2. எல்லோருக்கும் இரண்டு ஆட்டம் பாக்கி.

1. இந்தியா இரண்டையும் வென்றால் 6 புள்ளி கூடும். 2+6=8. முன்னால் இருப்பவர்களைத் தொட்டுவிடலாம் போலத் தெரியும்.

2. ஆனால் பாக்கி ஆட்டங்களில் ஒன்று சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் இடையே நடப்பது, நவம்பர் 18 அன்று.

3. அதில் யாராவது ஜெயித்தால் அவருக்கு 11 புள்ளி. டிரா ஆனால் இருவருக்கும் 9.

4. ஆக, எப்படிப் பார்த்தாலும் ஒரு அணியாவது குறைந்தது 9 புள்ளிக்குப் போய்விடும். 8 புள்ளியால் முதலிடம் கிடைக்காது.

இதே கணக்கில் அன்றைக்கே வங்கதேசமும் வெளியேறியது. ஆனால் நவம்பர் 18 அன்று டாக்காவில் அவர்கள் இந்தியாவை 1-0 என்று வென்று கொண்டாடியது கோப்பைக்காக அல்ல. 2003-க்குப் பிறகு அன்றுவரை இந்தியாவை அவர்கள் வென்றதே இல்லை. முதல் 5 ஆட்டத்தில் இந்தியாவுக்கு 2 புள்ளிதான்; கடைசி ஆட்டத்தால் எதுவும் மாறும் நிலை இல்லை.

அதே நாளில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூர் 11 புள்ளிக்குப் போனது. ஹாங்காங் கடைசி ஆட்டத்தை வென்றால் அதற்கும் 11 வருமே, பிறகு எப்படிச் சிங்கப்பூர் அன்றே தகுதி பெற்றது? அதற்குச் சமப் புள்ளி விதி தெரிய வேண்டும்.

புள்ளி சமமானால்

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்குச் சமப் புள்ளி என்றால் ரன் ரேட் ஞாபகம் வரும். கால்பந்தில் அதற்கு இணையானது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வருவது. ஆனால் ஏஎஃப்சி முதலில் பார்ப்பது அதை அல்ல. வரிசை இப்படி:

1. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி
2. அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம், பிறகு அவற்றில் அடித்த கோல்
3. அதன் பிறகே பிரிவு முழுவதுக்குமான கோல் வித்தியாசமும் மொத்தக் கோலும்
4. அதற்கும் அப்பால் மஞ்சள், சிவப்பு அட்டைகளின் கணக்கு, கடைசியாகக் குலுக்கல்

சிங்கப்பூரும் ஹாங்காங்கும் தங்களுக்குள் ஆடியதில் ஒன்று 0-0, ஒன்று சிங்கப்பூருக்கு 2-1. அதனால் 11-க்கு 11 என்று நின்றாலும் சிங்கப்பூர்தான் மேலே.

இந்த விதி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 2019-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. இறுதிச் சுற்றில் 24 அணிகள் 6 பிரிவுகளாக ஆடும். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளும், ஆறு மூன்றாம் இடங்களில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். 24-ல் 16 பேர் தப்பிக்கலாம், தாராளமான ஏற்பாடு.

இந்தியா முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. இரண்டாவதில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2. மூன்றாவது ஷார்ஜாவில் பஹ்ரைனுடன். 90 நிமிடம் முடிந்தபோது 0-0. அப்படியே விசில் அடித்திருந்தால் அமீரகம் 5, தாய்லாந்து 4, இந்தியா 4, பஹ்ரைன் 2. தாய்லாந்தை நேரடியாக வென்றதால் இந்தியா இரண்டாம் இடம். 91-வது நிமிடத்தில் ஒரு பெனால்டி, பஹ்ரைன் 1-0. பட்டியல் தலைகீழாகி அமீரகம் 5, தாய்லாந்து 4, பஹ்ரைன் 4, இந்தியா 3 என்று ஆனது. ஒரே உதையில் இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடம். பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அன்றிரவே பதவி விலகினார்.

இன்னொரு வேதனை, அதே தொடரில் வியட்நாமும் 3 புள்ளிதான் எடுத்தது. கோல் வித்தியாசம் மைனஸ் 1. இந்தியாவுக்குப் பூஜ்ஜியம், அதாவது வியட்நாமைவிட மேல். ஆனால் வியட்நாம் தன் பிரிவில் மூன்றாவது, இந்தியா நான்காவது. மூன்றாம் இடங்களுக்கான பட்டியலில் வியட்நாமும் லெபனானும் எல்லாவற்றிலும் சமமாக நிற்க, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய வியட்நாம் உள்ளே போனது. போனது மட்டுமல்ல, காலிறுதி வரை ஆடியது.

எதிரணியில் ஆடுவது யார்

ஷில்லாங்கில் வங்கதேசத்துக்காக முதன்முறையாக ஆடிய ஹம்சா சவுத்ரி இங்கிலாந்தில் பிறந்து, லெஸ்டர் சிட்டி கிளப்பில் வளர்ந்தவர். கோவாவில் இந்தியாவுக்கு எதிராக இரண்டு கோலையும் அடித்த சாங் உய்-யங் தென் கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். இதைப் பார்த்துத்தான் "வெளிநாட்டு இந்தியர்களை நாமும் இறக்கினால் என்ன?" என்ற கேள்வி சூடுபிடித்தது.

ஃபிஃபா விதி இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, அந்த நாட்டின் குடியுரிமை. இரண்டு, உண்மையான தொடர்பு: வீரரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால், வயது வந்த பிறகு அங்கே குடியேறியவர் 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது நமக்குப் பிரச்சினை இல்லை, உலகம் முழுக்க இந்திய வம்சாவளியினர் இருக்கிறார்கள். இடிப்பது முதலாவதுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வந்துபோகவும் தங்கவும் உதவும், ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஐரோப்பிய லீக்கில் ஆடும் ஒருவர் தன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வர வேண்டும் என்றால் யோசிக்கத்தான் செய்வார். ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி 2012-ல் அப்படி வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2025-ல் அந்தக் குடியுரிமையை விட்டு இந்தியர் ஆனார். டாக்கா ஆட்டத்துக்கு முன் அனுமதிக் கடிதம் வராததால் அன்று ஆட முடியவில்லை.

இந்த வழியில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா சாட்சி. தாத்தா பாட்டி பிறந்த இடம் பற்றிப் போலி ஆவணம் கொடுத்ததாக 2025 செப்டம்பரில் 7 வீரர்களுக்கும் அந்நாட்டுச் சங்கத்துக்கும் ஃபிஃபா தண்டனை விதித்தது. அவர்கள் ஆடியதும் இதே ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில்தான்.

ஏன் ஜனவரி

முன்பு இந்தத் தொடர் ஒலிம்பிக் நடக்கும் ஆண்டிலேயே வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பியக் கோப்பையும் நடக்கும். கூட்டத்தில் காணாமல் போகக் கூடாது என்று 2008-ஐ விட்டு 2007-க்கு மாற்றினார்கள். மாதம் மாறியது வெயிலால். அக்னி நட்சத்திரத்தில் கோட்டை மைதானத்தில் மதியம் பந்து உதைத்துப் பார்த்தவருக்கு ரியாத் ஜூலையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கத்தார் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பரில் நடந்ததும் இதே காரணத்தால்.

இதில் இழப்பு ஐரோப்பியக் கிளப்புகளுக்கு. ஜனவரி அவர்களுக்கு லீக் நடுவே வரும் மாதம். ஆனால் கண்டங்களின் முதன்மைத் தொடருக்கு நாட்டு அணி கேட்டால் வீரரை விட்டே ஆக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2024-ல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் கிளப் தன் கேப்டனான தென் கொரிய வீரர் சான் ஹியுங்-மின் இல்லாமல் பல வாரம் ஆடியது அப்படித்தான்.

நமக்கு ஜனவரி தோதான மாதம், 2027 தொடர் பொங்கலை ஒட்டியே வருகிறது. சவுதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 7.30. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் தெருக்கள் உண்டு. 2024-ல் கத்தாரில் இந்தியா ஆஸ்திரேலியாவுடன் ஆடியபோது மைதானத்தில் 35 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பகுதி அங்கே வேலை பார்க்கும் இந்தியர்கள். இந்த முறை அவர்கள் ரியாத்திலோ ஜெத்தாவிலோ டிக்கெட் வாங்கினால் வேறு யாருக்காவதுதான் கைதட்ட வேண்டும்.

சிங்கப்பூருக்குக் கைதட்டலாம். தமிழை ஆட்சி மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் அந்த நாடு இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் ஆசியக் கோப்பையில் ஆடியிருக்கிறது: 1984-ல், போட்டியை நடத்திய நாடு என்ற முறையில். இந்தியா முதன்முதலாகத் தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போன தொடரும் அதுதான். அன்றைக்கும் இரண்டு அணிகளும் மோதின, சிங்கப்பூர் 2-0.